ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, திருநம்பியும் இல்லை என்றால் யாரோடு, எப்படி உறவு அமைத்துக்கொள்வது?

கேள்வி கேட்டவர் கோவையில் வேலை பார்க்கிறார், சொந்த ஊர் ஈரோடு பக்கம், வயது இருபத்தாறு. பிறந்தபோது பெண் என்று பதிந்தார்கள். தன்னைப் பெண்ணாக உணர முடியவில்லை, ஆண் என்றும் தோன்றவில்லை. "அப்ப நீ திருநம்பியா?" (பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவரா) என்று நண்பர்கள் கேட்டால் ஆமாம் சொல்லவும் மனம் ஒப்பவில்லை. நெடுநாள் நண்பர் ஒருவர் காதலைச் சொல்லியிருக்கிறார். சொன்ன கையோடு, "உன்னை விரும்பினா நான் யாரு?" என்றும் கேட்டுவிட்டார். இதற்கிடையில் வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள். "எனக்கே என்னைச் சொல்லத் தெரியாதபோது யாரோடு என்ன உறவு வைத்துக்கொள்ள முடியும்?" என்று முடித்திருக்கிறார்.

பாலினம், பாலீர்ப்பு (யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பது) தொடர்பான ஆலோசனை வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இதே கேள்வியை வெவ்வேறு ஊர்ப் பேச்சில் கேட்டிருக்கிறேன். விரிவாகவே சொல்கிறேன்.

கடைசி வரியிலிருந்து தொடங்குவோம். தன்னைப் பற்றி முழுத் தெளிவு வந்த பிறகுதான் உறவு என்று காத்திருக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி இருபது வருடம் ஆன தம்பதிகளைக் கேட்டுப் பாருங்கள், தன்னைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குக் கணவன், மனைவி என்ற பெயரோடு ஒரு நடைமுறையும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. யார் வீட்டுக்கு யார் போய் இருப்பது, தலைத்தீபாவளிக்கு யார் அழைப்பது, மாமியார் படுத்தால் யார் பார்ப்பது என்பதெல்லாம் பேசாமலே முடிவாகிவிடும். அது சிலருக்கு வசதி, பலருக்குச் சுமை. உங்களுக்கு அந்த ஏற்பாடு கிடைக்கவில்லை. அதனால் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான். ஆனால் உங்களுக்கு ஒரு பெயர் கிடைக்கும்வரை அது காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் யார் என்று எல்லோருக்கும் புரியவைக்க முயலாதீர்கள். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும், எந்த இடத்தில் உங்களுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று அவரவர்க்கு வேண்டிய அளவு சொல்லுங்கள். புரிதல் பிறகு வரும். சிலருக்குக் கடைசிவரை வராது. வராமலே நல்லபடி நடந்துகொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புரிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு மோசமாக நடப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கூப்பிடுவதைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும். தமிழ் பேசும் வீட்டில் தினமும் அடிபடுகிற இடம் அதுதான். வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா என்று நேருக்கு நேர் பேசும் வரை நம் பேச்சில் ஆண், பெண் பேதமே வருவதில்லை. சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, உங்களைப் பற்றி வேறொருவரிடம் பேசும்போது வந்தானா, வந்தாளா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இன்னொன்று, உறவுமுறை. அக்கா, அண்ணா, சித்தி, மாமா, டா, டி என்று எதை எடுத்தாலும் பாலினம் ஒட்டிக்கொண்டே வரும். முதல் சிக்கலுக்கு விடை நம் கையிலேயே இருக்கிறது. "வந்தாங்க, சொன்னாங்க" என்பதை மரியாதைக்காக எல்லோருக்கும் சொல்கிறோம், யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. வயதில் சிறியவரை அப்படிச் சொன்னால் முதல் வாரம் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும். கொங்குப் பக்கம் பச்சைக் குழந்தையைக்கூட "வாங்க, போங்க" என்கிறவர்கள் உண்டு. உங்கள் ஊருக்கு இது கஷ்டமே இல்லை.

உறவுமுறைதான் கடினம். அதிலும் வழி இருக்கிறது. அம்மாக்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: 'பொண்ணு' என்ற வார்த்தையை விடமுடியாவிட்டாலும் கூப்பிடும்போது வேறு ஏதாவது சொல்லுங்கள். கண்ணு, சாமி, தங்கம், செல்லம், தெற்கே மக்கா என்று கூப்பிடுகிற பெயர்கள் நம்மிடம் ஏராளம். பாலினத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச மாட்டேன் என்ற அம்மா ஒருவர், தன் பிள்ளையை எப்போதும் "ஏம்மா, ஏண்டி" என்றே அழைத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் போனில் "சாப்ட்டியா சாமி" என்று கேட்டார். அந்தப் பிள்ளை என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தது. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. அம்மா எதையும் ஏற்றுக்கொண்டதாக அறிவிக்கவில்லை. 'டி'யை விட்டுவிட்டார், அவ்வளவே.

சின்னக் குழந்தைகள் இன்னும் சுலபம். எனக்குத் தெரிந்த ஒருவரின் அண்ணன் மகளுக்கு மூன்று வயது. அத்தை என்று கூப்பிடுவதா, சித்தப்பா என்பதா என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டிருக்க, அது தானாகவே 'தித்தா' என்று ஆரம்பித்துவிட்டது. இப்போது அந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்கு அவர் தித்தாதான். நீங்களும் காத்திருக்க வேண்டாம், உங்களுக்கு ஒரு அழைப்புப் பெயரை நீங்களே தேர்ந்தெடுத்து, நெருக்கமான இரண்டு பேரிடம் சொல்லி, அவர்கள் வழியாகப் பரவவிடுங்கள். நம் ஊரில் பட்டப்பெயர் பரவுகிற வேகம் உங்களுக்கே தெரியும்.

அடுத்தது அந்த நண்பர்.

"உன்னை விரும்பினா நான் யாரு?" என்று அவர் கேட்டது உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கெட்ட அறிகுறியாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பெண்களை விரும்பும் ஆண் என்று தன்னை நினைத்து வளர்ந்த ஒருவர், பெண் அல்லாத ஒருவரை நேசிக்கிறபோது அவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வருவது இயல்பு. கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது அல்ல, இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அவர் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதை அவரே யோசிக்கட்டும், வேண்டுமானால் ஆலோசகர் ஒருவரிடம் பேசட்டும். நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால், இந்த உறவில் நீங்கள் காதலராக இருக்க மாட்டீர்கள், வாத்தியாராகிவிடுவீர்கள்.

நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. என்னை உன் நண்பர்களிடம் எப்படி அறிமுகப்படுத்துவாய்? அவர்கள் 'உன் ஆளு பொண்ணா பையனா' என்று சிரித்தால் என்ன சொல்வாய்? நாளை நான் குரலையோ மார்பையோ மாற்றிக்கொள்ள முடிவெடுத்தால்? எதுவும் மாற்றாமலே இருக்க முடிவெடுத்தால்? உள்ளூர நான் ஒரு பெண்தான், கொஞ்சநாளில் சரியாகிவிடும் என்ற எண்ணம் உனக்குள் இருக்கிறதா? கடைசிக் கேள்வியை மட்டும் தயங்காமல் கேளுங்கள். இந்த எதிர்பார்ப்பை மனசுக்குள் வைத்துக்கொண்டு தொடங்கிய உறவுகள் ஓரிரு வருடத்தில் கசந்து முடிந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். உங்களைப் பெண்ணாகவே நினைத்துக் காதலிக்கிறவர், நீங்கள் இல்லாத வேறொருவரைக் காதலிக்கிறார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த இடத்தில் உங்களால் நெடுநாள் நிற்க முடியாது.

உடலைப் பற்றியும் பேச வேண்டும். வெட்கப்பட்டு இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், பிரிவுகளில் பாதி இங்கிருந்துதான் வருகின்றன. சிலருக்கு மார்பைத் தொட்டால் உடம்பே தன்னுடையதாக இல்லாமல் போய்விடும். சிலருக்கு அப்படி எதுவும் இல்லை, 'அழகா இருக்கே, பொண்ணு மாதிரி' என்ற ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுக்கும். இன்று பிடித்தது நாளை பிடிக்காமல் போகலாம். இதை டிஸ்ஃபோரியா என்று மருத்துவத்தில் சொல்வார்கள், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எதிரிலிருப்பவருக்கு எதுவும் விளங்காது. "இங்கே தொடாதே, இப்படிச் சொல்லாதே, நான் கையை எடுத்தால் நிறுத்திவிடு" என்று நேராகச் சொல்லுங்கள். அந்தரங்கமான நேரத்தில் சொல்ல வேண்டாம். டீக்கடைக்கு நடந்து போகும்போது, முகத்தைப் பார்க்காமல் பேச வசதியான நேரத்தில் சொல்லுங்கள். சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். மறந்து ஒருமுறை தவறினால் பரவாயில்லை. சொன்னதைச் சொன்னதற்காகவே கோபித்துக்கொள்கிறவரை விட்டு விலகிவிடலாம். காமமே வேண்டாம், கூட வாழ்ந்தால் போதும் என்பது உங்கள் நிலையாக இருந்தால் அதையும் இதே போலச் சொல்ல வேண்டும். அதில் குறை ஒன்றும் இல்லை.

அவர் சரிவரவில்லை என்றால் ஆள் தேட செயலிகளுக்குப் போவீர்கள். டிண்டர், ஓகேக்யூபிட் போன்றவற்றில் ஆண், பெண் தவிர்த்த தெரிவுகளும் உண்டு. அதைப் போட்டுவைத்தால் வருகிறவர்கள் எண்ணிக்கை குறையும், வருகிறவர்களிடம் பாதி விளக்கம் மிச்சமாகும். நான் அதைப் போடச் சொல்லுவேன். முழுப் பெயர், அலுவலகம், முகம் தெளிவாகத் தெரியும் படம் இவற்றை முதலில் கொடுக்க வேண்டாம். போலிக் கணக்கில் பழகி, ஒதுக்குப்புறமான இடத்துக்கு வரவைத்து, 'வீட்டில் சொல்லிவிடுவோம்' என்று மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பல்கள் நம் ஊர்களிலும் இருக்கின்றன. முதல் சந்திப்பு ஆள் நடமாட்டம் உள்ள கடையில், பகலில், நண்பர் ஒருவருக்கு இடத்தைச் சொல்லிவிட்டு.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் வலித்த வரி வேறு ஒன்று. திருநங்கைகள் கூட்டத்துக்குப் போனால் அங்கும் பொருந்தவில்லை, பால்புதுமையர் (ஆண்-பெண், ஆண்-பெண் காதல் என்ற வழக்கத்துக்குள் அடங்காதவர்கள்) சந்திப்புக்குப் போனால் அங்கும் 'நீ என்ன வகை' என்றுதான் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். தமிழ்நாட்டில் திருநங்கைகள் நீண்ட காலம் போராடி ஓர் இடத்தை உருவாக்கியிருக்கிறார்கள். 2008 ஏப்ரலில் இந்தியாவிலேயே முதன்முதலாக அவர்களுக்கு நலவாரியம் இங்கேதான் அமைந்தது. திருநம்பிகளுக்கே அந்த இடத்தில் கால் ஊன்றப் பல காலம் ஆனது. இரண்டிலும் சேராதவர்களுக்கு என்று தனியாக ஓர் ஏற்பாடும் இன்னும் வரவில்லை. கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் திருநங்கைகள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட ஜமாத் என்ற குடும்ப அமைப்பிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். வீட்டைவிட்டு வந்த ஓர் இளம் திருநங்கையை மூத்தவர் ஒருவர் மகளாக எடுக்கிறார். பெரியவர்கள் முன்னால் அது நடக்கிறது. அன்றிலிருந்து அவருக்கு அம்மா உண்டு, அம்மாவின் மற்ற மகள்கள் அக்கா, தங்கை, அம்மாவின் அம்மா பாட்டி. அறுவைச் சிகிச்சை முடிந்து நாற்பது நாள் பார்த்துக்கொள்வது, நோயில் பக்கத்தில் இருப்பது, இறந்தால் எடுத்துப் போடுவது எல்லாம் அந்த உறவின் கடமை. மகளும் தன் பங்குக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும், சொல்பேச்சுக் கேட்க வேண்டும். அந்த அமைப்பில் அதிகாரமும் கண்டிப்பும் சுரண்டலும்கூட உண்டு, அதை மறைப்பதற்கில்லை, அதை விட்டு வெளியே வந்தவர்கள் எழுதியும் பேசியும் இருக்கிறார்கள். ஆனாலும் ரத்தம், தாலி இரண்டும் இல்லாமல் ஓர் உறவு எப்படி நிலைக்கிறது என்பதற்கு நம் மண்ணிலேயே இருக்கிற சான்று அது. நாலு பேர் முன்னால் சொல்கிறார்கள், கடமையை ஏற்கிறார்கள், அந்தக் கடமையைச் செய்கிறார்கள். பெயர் அதற்குப் பின்னால் வருகிறது.

நீங்கள் ஜமாத்தில் சேர வேண்டும் என்று சொல்லவில்லை. உங்களைச் சுற்றி இருக்கிறவர்களிடம் இதைச் செய்துபாருங்கள். உங்கள் அறைத்தோழியோ, அலுவலகத்தில் உங்களோடு சாப்பிடுகிற அந்த மூத்தவரோ, யாரிடம் இரவு இரண்டு மணிக்குப் போன் செய்தால் எடுப்பார்களோ அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "எனக்கு ஒன்றென்றால் ஆஸ்பத்திரிக்கு நீதான் வர வேண்டும். உனக்கு ஒன்றென்றால் நான் வருவேன்." நாம் நண்பர்களிடம் இதையெல்லாம் சொல்வதே இல்லை, சொல்லாமலே தெரியும் என்று விட்டுவிடுகிறோம். கல்யாணம் ஆனதும் நண்பர்கள் மெல்ல விலகிப்போவதற்கு அது ஒரு காரணம், அங்கே கடமை என்று எதுவும் பேசி வைத்திருக்கவில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு நட்பு மீதிநேரத்துக்கான உறவாக இருக்கக் கூடாது. காதலர் ஒருவரே அம்மா, அப்பா, அண்ணன், நண்பர், பாதுகாவலர் எல்லாமாக இருக்க வேண்டும் என்று வைத்தால் எந்த மனிதரும் அந்தப் பாரத்தைத் தாங்க மாட்டார். சென்னையில் ஓரினம், சகோதரன் போன்ற பால்புதுமையர் அமைப்புகள் நீண்ட காலமாக இயங்குகின்றன, 2009 முதல் ஜூன் மாதத்தில் வானவில் பேரணி நடக்கிறது. அப்படிப்பட்ட இடங்களுக்கு இன்னும் ஓரிரு முறை போய்ப் பாருங்கள். கூட்டத்தில் பொருந்தாதவர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், அவர்களில் ஒருவர் உங்களுக்கு வாய்க்கலாம்.

வீட்டைப் பற்றி.

எல்லோரையும் உட்காரவைத்து ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சினிமாவில்தான் அது சரியாக வரும். முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அது அப்பாவோ அம்மாவோ அல்ல. தம்பி, சித்தி, வெளியூரில் இருக்கும் மாமா, கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்ட பெரியத்தை, இப்படி வீட்டு வழக்கத்திலிருந்து தானும் ஒரு அடி விலகி நிற்கிறவர் யாராவது இருப்பார். அவரிடம் விளக்கம் குறைவாகவும் கோரிக்கை தெளிவாகவும் இருக்கட்டும்: "எனக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாம் என்று அப்பாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்." சொந்த வருமானமும், தங்க வேறொரு இடமும் இருக்கும்போது மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. உண்மையைச் சொல்லும் துணிச்சலைப் பாராட்டுவேன், ஆனால் தெருவில் நிற்கும் நிலை வருமென்றால் அந்த உண்மை ஆறு மாதம் காத்திருக்கலாம்.

"இதெல்லாம் வெளிநாட்டு மோகம், இன்டர்நெட்டில் பார்த்துக் கெட்டுப்போயிட்டே" என்பார்கள். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களுக்கென்று தனி ஈறு கிடையாது, அவர்கள் உயர்திணைக்குரிய ஈறுகளையே பெறுவார்கள் என்று இலக்கணம் எழுதிவைத்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய காலத்திலேயே இப்படிப்பட்ட மனிதர்கள் ஊரில் இருந்திருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருந்திருக்கிறது. உங்கள் சொந்தத் தைரியத்துக்காக இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் வாதத்தில் ஜெயிக்க இதைப் பயன்படுத்தினால் பலன் இருக்காது. அவருக்கு இருக்கிற பயம் இலக்கணத்தைப் பற்றியது அல்ல. 'நாளைக்கு நாங்க போன பிறகு உன்னை யாரு பார்ப்பாங்க?' என்பதுதான் அது. அந்தப் பயத்துக்குப் பதில் உங்கள் வாழ்க்கையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த நண்பரை ஒருமுறை வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அம்மா கையால் அவர் சாப்பிடட்டும். ஆறு மாத விவாதம் செய்யாததை அந்த ஒரு சாப்பாடு செய்துவிடும்.

கல்யாண வீடுகள் தனி வேதனை. வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுக்கிற பெண், பூச்சரத்தைக் கையில் எடுத்தபடி உங்கள் சட்டையையும் தலைமுடியையும் பார்த்துக் கொடுப்பதா வேண்டாமா என்று நிற்பாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெரியம்மா "பொம்பளப் புள்ளைதான், குடு" என்பார், சுற்றி இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லாக் கல்யாணத்துக்கும் போகக் கடமைப்பட்டவர் அல்ல நீங்கள். போகிற கல்யாணத்தில் உங்களுக்கு ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பந்தியைக் கவனிப்பது, மொய் எழுதுவது, வண்டி ஏற்பாடு என்று பொறுப்பில் இருப்பவரிடம் யாரும் நீ யார் என்று கேட்பதில்லை, சாம்பார் வந்ததா என்று கேட்பார்கள். சொந்தக்காரர்கள் உங்களைப் பழகிக்கொள்வது அப்படித்தான் ஆரம்பிக்கும்.

இனி காகித விஷயங்கள். இது வறட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள், பெயரில்லாத உறவுக்குக் காகிதம்தான் பல இடங்களில் துணை. தன் பாலினத்தைத் தானே முடிவுசெய்யும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் சொன்னது. ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கி வைத்திருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவிலிருந்து, மனமொத்த வயதுவந்தோரின் உறவு 2018 செப்டம்பரில் விடுவிக்கப்பட்டது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும் அதில் அடங்குவார் என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஒரே பாலினத்தவரின் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆண், பெண் என்ற கணக்கிலேயே நிற்கும் திருமணச் சட்டத்துக்குள் நீங்கள் எங்கே வருவீர்கள் என்பதற்கு இன்று தெளிவான பதில் இல்லை. அதனால் திருமணத்தை நம்பி இருக்காமல், அது தருகிற பாதுகாப்புகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே சேர்த்துக்கொள்ளப் பாருங்கள்.

பால்புதுமையர் தங்கள் துணையோடு கூட்டுக் கணக்குத் தொடங்கவோ, துணையை நாமினியாகப் போடவோ தடை ஏதுமில்லை என்று 2024 ஆகஸ்டில் ஒன்றிய நிதித்துறை தெளிவுபடுத்தியிருக்கிறது. வங்கி ஊழியர் தயங்கினால் அதைச் சொல்லுங்கள். சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது, நாளைக்கு அண்ணன் தம்பி கேள்வி கேட்கும்போது வலு இருக்கும். பி.எஃப். மட்டும் வேறு கதை. உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் இருந்தால் அவர்களை ஒதுக்கிவிட்டு நண்பரை நாமினியாகப் போட முடியாது. மனநலச் சிகிச்சைக்காக உங்கள் சார்பில் முடிவெடுக்க, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, வயதுவந்த யாரையும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமித்துக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரியாது. உங்களை 'சரிசெய்ய' யாராவது கூட்டிப்போனால் இந்தத் தாள் உதவும்.

நம் உயர் நீதிமன்றமும் இந்தத் திசையில் வெகுதூரம் வந்திருக்கிறது. ஒருவரையொருவர் விரும்பி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புக்கு முன் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை வெளிப்படையாகப் பதிவுசெய்தார். பாலீர்ப்பை, பாலினத்தை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளை 2021-இல் தடைசெய்தார். திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் குடும்பப் பிணைப்பு ஒப்பந்தம் ஒன்றைப் பதிந்துகொள்ள வழிசெய்வதை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2023-இல் கேட்டுக்கொண்டார். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பெற்றோர் அடைத்துவைத்திருந்த ஒரு பெண்ணை அவருடைய தோழியோடு அனுப்பிவைத்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. தாங்களே தேர்ந்து அமைத்துக்கொள்ளும் குடும்பத்தை அது குடும்பமாகவே ஏற்கிறது. அந்த வழக்கு உங்களுடையதைப் போன்றது அல்ல, இருந்தாலும் அந்த வரி உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஜாதக விஷயம் அவசரம். பெண் பார்க்க வருகிற நாள் குறிக்கும் முன்பே 'வேண்டாம்' என்பது உங்கள் வாயிலிருந்து வந்துவிட வேண்டும். காரணத்தை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை, 'யாரோடும் வேண்டாம், உறுதியாகத்தான் சொல்கிறேன்' என்பது போதும். போகப்போகச் சரியாகிவிடும் என்று யாரையாவது கட்டிக்கொள்வது உங்களுக்கு மட்டுமல்ல, வருகிற அந்த மனிதருக்கும் செய்கிற கொடுமை. சொல்லும் முன் ஆதார், பான், படிப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் கோவைக்கு எடுத்துவந்துவிடுங்கள், நகல் ஒன்று நண்பரிடம் இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது எந்த நாளில் திரும்புவீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் வயதுவந்தவர், உங்களைக் கட்டாயப்படுத்தி வைத்திருக்கப் பெற்றோருக்கும் உரிமை இல்லை. அடைத்துவைத்தால் உங்கள் நண்பரே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். பால்புதுமையரையும் அவர்களுக்கு உதவுகிறவர்களையும் காவலர்கள் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஸ்டேஷனில் 'பெத்தவங்களோட போ' என்று மிரட்டினால் அந்த விதி எண்ணைச் சொல்லும்படி நண்பரிடமும் சொல்லிவையுங்கள். மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

அந்த நண்பருக்கு இந்த வாரமே பதில் சொல்ல வேண்டியதில்லை. மேலே சொன்ன கேள்விகளை ஒன்றிரண்டாகக் கேட்டுப் பாருங்கள். எதற்கும் சரியான பதில் தெரியாமல், "தெரியல, ஆனா யோசிக்கிறேன்" என்று சொல்லி அடுத்த வாரம் யோசித்துவிட்டு வந்தாரென்றால், அவரோடு பழகிப் பார்க்கலாம் என்பேன்.